இயக்குநர் மாறும்போது எதை முதலில் செய்வது: வளர்ச்சிக் குறைபாடு உள்ளவர்களுக்கான அமைப்புகளுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு உள்ளவர்களுக்காக நடக்கும் ஓர் அமைப்பில் இயக்குநர் விலகப்போகிறார் என்று தெரிந்ததும் நிர்வாகக் குழு வழக்கமாகச் செய்யும் முதல் வேலை, அடுத்த ஆளைத் தேடுவது. உண்மையில் அது ஆறாவது வேலை. முந்தைய ஐந்தையும் தாண்டிக் குதித்த இடங்களில், வந்தவர் எவ்வளவு திறமைசாலியாக இருந்தாலும், வலிப்பு மருந்து தீர்ந்துபோவதையும், ஒருவர் திடீரென்று சாப்பிட மறுப்பதையும், பழைய ஊழியர்கள் ஒவ்வொருவராகக் கிளம்புவதையும் பார்த்திருக்கிறேன்.

இங்கே பகல்நேரப் பயிற்சிக்கு வருகிறவர்கள், இல்லத்தில் தங்கியிருப்பவர்கள் எல்லோரையும் உறுப்பினர்கள் என்றே குறிப்பிடுகிறேன்.

## தொடங்கும் முன் தயாராக இருக்க வேண்டியவை

திட்டமிட்ட விலகல் என்றால் நான்கு முதல் ஆறு மாத அவகாசம் வேண்டும். மூன்று மாதத்துக்கும் குறைவாக இருந்தால், ஓர் இடைக்காலப் பொறுப்பாளரை அமர்த்திவிட்டு மற்ற படிகளை முழுதாகச் செய்யுங்கள். அவசரத்தில் நிரந்தர ஆளை எடுப்பதைவிட அது எவ்வளவோ மேல்.

மாற்றத்தை நடத்த ஒரு மூத்த ஊழியர் தேவை. அவருடைய அன்றாட வேலையில் ஒரு பகுதியை வேறு யாருக்காவது கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் இது எல்லா வேலையும் முடிந்தபின் செய்யும் வேலையாகிவிடும். அவர் இயக்குநர் பதவிக்குப் போட்டியிடக் கூடாது. இனி அவரை மாற்றப் பொறுப்பாளர் என்று சொல்கிறேன்.

இரண்டு காகிதங்களும் வேண்டும். ஒன்று, அமைப்பின் விதிமுறைகள். மற்றொன்று, உறுப்பினர் பட்டியல்: ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் அவர் எப்படித் தன் எண்ணத்தைத் தெரிவிக்கிறார் என்று இருக்க வேண்டும். பேச்சா, சைகையா, பட அட்டையா, பேசும் கருவியா, கண் அசைவா? இந்தப் பட்டியல் இல்லாமல் 5-ஆம் படியைத் தொட முடியாது.

## 1. யார் முடிவெடுப்பது என்று எழுதிவையுங்கள்

இந்த மாதிரி அமைப்புகளில் பலவற்றைத் தொடங்கியவர் ஒரு பெற்றோராக இருப்பார். அவரே இயக்குநர், அவர் பிள்ளை உறுப்பினர், அவர் உறவினர் நிர்வாகக் குழுவில். அவர் விலகும்போது எந்த உறவிலிருந்து விலகுகிறார் என்பதே பலருக்குத் தெளிவாக இருக்காது. அவரிடமே உட்கார்ந்து கேட்டு எழுதுங்கள்: எந்தத் தேதியிலிருந்து எந்த முடிவு அவருடையது அல்ல? பெற்றோராக அவருக்கு என்ன உரிமை தொடரும்?

விலகுபவர் அடுத்தவரைத் தேர்ந்தெடுக்கக் கூடாது, தகவல் தரலாம். காரணம் எளிது. தான் செய்ததை அப்படியே செய்யும் ஒருவரைத்தான் அவர் தேடுவார், குழுவும் அவர் முகத்துக்காக மறுக்காது. ஆறு மாதம் கழித்து அதே குழு அந்த ஆளைப் பற்றிக் குறை சொல்லும்.

இடைக்காலப் பொறுப்பாளர் இருந்தால் அவருடைய எல்லையையும் எழுத்தில் வையுங்கள். புதிதாக யாரையும் சேர்ப்பது, யாரையும் வெளியேற்றுவது, பெரிய ஒப்பந்தம் போடுவது ஆகியவை குழுவிடமே இருக்கட்டும்.

## 2. தலையில் இருப்பதைக் காகிதத்துக்குக் கொண்டுவாருங்கள்

எல்லாப் படிகளிலும் அதிக நாள் பிடிப்பது இதுதான். கோப்புகள் சரியாக இருக்கின்றன என்று நம்பி இதை ஒரே வாரத்தில் முடிக்கப் பார்க்கிறார்கள். கோப்பில் நோயின் பெயரும் மருந்தின் பெயரும் இருக்கும். அந்த மருந்தை எதோடு கலந்து கொடுத்தால் துப்பாமல் விழுங்குவார் என்பது இயக்குநருக்கும் இரவுப் பணியாளருக்கும்தான் தெரியும்.

ஒவ்வொரு உறுப்பினருக்கும் இரண்டு பக்கம் போதும். பத்துப் பக்கம் எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள். அதில் இவை கட்டாயம் இருக்க வேண்டும்: அவர் "ஆமாம்", "வேண்டாம்" என்பதை எப்படிக் காட்டுவார், வலி வந்தால் என்ன செய்வார், வலிப்பு வருமா, வந்தால் எப்படி இருக்கும், எந்த மருந்து எங்கே இருக்கிறது, விழுங்குவதில் சிரமம் உண்டா, உணவும் பானமும் எந்தப் பதத்தில் இருக்க வேண்டும், எது பதற்றம் தரும், எது அமைதிப்படுத்தும், யாரோடு தனியாக விடக்கூடாது.

உணவின் பதத்தை "கொஞ்சம் குழைவாக" என்று எழுதாதீர்கள். ஒருவருக்குக் குழைவு என்பது இன்னொருவருக்குக் கெட்டி. 0 முதல் 7 வரையான சர்வதேச அளவுகோல் ஒன்று இருக்கிறது. விழுங்குதலைப் பரிசோதித்த பேச்சுப் பயிற்சியாளர் அதில் ஓர் எண்ணைக் குறித்திருந்தால் அதையே எழுதுங்கள். மூச்சுக்குழாயில் உணவு போவது இவர்களில் பலருக்கு உயிர் போகும் விஷயம்.

தகவலைச் சேகரிக்க இயக்குநரை அறையில் உட்கார வைத்துக் கேள்வி கேட்டால் பாதிதான் வரும். மாற்றப் பொறுப்பாளர் அவரோடு காலை முதல் இரவு வரை கூடவே நடக்கட்டும். "இப்போது ஏன் அந்தக் கதவைச் சாத்தினீர்கள்?" "ஏன் அவரிடம் இடது பக்கமாகப் போனீர்கள்?" என்று அந்த இடத்திலேயே கேட்க வேண்டும். பல வருடப் பழக்கத்தில் செய்வதை அவர் தகவல் என்றே நினைத்திருக்க மாட்டார்.

எழுதியதைச் சோதிப்பது எப்படி? வேறு பிரிவில் வேலை செய்யும் ஒருவரிடம் அந்த இரண்டு பக்கத்தைக் கொடுத்து, பழகிய ஊழியர் பக்கத்தில் இருக்க, ஒரு வேளை உணவும் ஒரு குளியலும் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள். அவர் எங்கே திரும்பிப் பார்த்துக் கேட்கிறாரோ, அங்கே காகிதத்தில் ஓட்டை இருக்கிறது. தன் பக்கத்தைப் பற்றித் தானே சொல்லக்கூடிய உறுப்பினர்களுக்கு அந்த வாய்ப்பையும் கொடுங்கள். தன்னைப் பற்றிய பக்கத்தில் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள்ளவும் திருத்தவும் அவருக்கு உரிமை உண்டு.

அடுத்து, வாய்வழி வாக்குறுதிகள். "எங்களுக்குப் பிறகு உங்கள் மகளுக்கு இங்கே இடம் உண்டு" என்று ஒரு வயதான தாய்க்குச் சொல்லியிருப்பார். ஒரு குடும்பத்துக்குக் கட்டணத்தைக் குறைத்திருப்பார். ஊழியருக்கு முன்பணம் கொடுத்திருப்பார். ஒரு நன்கொடையாளரின் நிபந்தனைக்குத் தலையாட்டியிருப்பார். தவறு கண்டுபிடிக்கும் தொனியில் கேட்டால் எதுவும் வெளியே வராது. "இதையெல்லாம் புதியவர் தெரியாமல் மீறிவிடக் கூடாது, அதற்காகத்தான்" என்று சொல்லிக் கேளுங்கள், வரும். பிறகு குழு ஒவ்வொன்றையும் ஏற்கிறதா, மாற்றுகிறதா என்று முடிவெடுத்து அந்தந்த ஆளிடம் சொல்ல வேண்டும்.

கடைசியாக, தொலைபேசி. பெற்றோர் நள்ளிரவில் கூப்பிடுவது பெரும்பாலும் இயக்குநரின் சொந்த எண்ணுக்குத்தான். அமைப்பின் பெயரில் ஓர் எண் வாங்கி இப்போதே பழக்கப்படுத்துங்கள். விலகிய மறுநாள் செய்தால் அது கதவை மூடியது போலத் தோன்றும்.

## 3. கையெழுத்து, அனுமதி, பாதுகாவலர் பொறுப்பு

வங்கிக் கணக்கு, பதிவுச் சான்று, வாடகை ஒப்பந்தம், வாகனக் காப்பீடு, மின்னஞ்சல் கடவுச்சொல், கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகளை வாங்கும் அனுமதி என்று இயக்குநரின் பெயர் இருக்கும் எல்லாவற்றையும் பட்டியலிட்டு, மாற்ற நாள் அதிகம் பிடிப்பதிலிருந்து தொடங்குங்கள். வங்கியில் இரண்டாவது கையெழுத்தாளர் இல்லையென்றால் முதல் வேலை அது. சம்பளம் ஒரு மாதம் தள்ளிப்போனால் நல்ல ஊழியர்கள் போய்விடுவார்கள்.

ஒன்றை மட்டும் நிதானமாகப் பாருங்கள். ஏதாவது உறுப்பினருக்கு இயக்குநரே சட்டப்படி பாதுகாவலரா? ஆமென்றால், அது பதவியோடு தானாகப் புதியவருக்குப் போகிற பொருள் அல்ல. 2006-இல் ஐ.நா. ஏற்றுக்கொண்ட மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையின் 12-ஆம் பிரிவு, மற்றவர்களுக்குச் சமமான சட்டத் தகுதியும், அதைப் பயன்படுத்தத் தேவையான ஆதரவைப் பெறும் வழியும் அவர்களுக்கு உண்டு என்கிறது. அந்த உறுப்பினர் யாரை நம்புகிறார் என்று அவரிடமே கேட்டு, அமைப்புக்கு வெளியே இருக்கும் ஒருவரைப் பரிசீலியுங்கள். இல்லத்தை நடத்துபவரே பாதுகாவலராகவும் இருந்தால், இல்லத்தைப் பற்றி அந்த உறுப்பினர் சார்பில் யார் புகார் சொல்வது? நடைமுறை நாட்டுக்கு நாடு மாறும் என்பதால் உள்ளூர் வழக்கறிஞரை இங்கே கட்டாயம் கேளுங்கள்.

## 4. இப்போதைய நிலையைக் குறித்து வையுங்கள்

செய்தி வெளியாகும் முன் குறைந்தது இரண்டு வாரம், ஒவ்வொரு உறுப்பினருக்கும் தூக்கம், சாப்பாடு, மலம் கழித்தல், வலிப்பு, தன்னைத்தானே அடித்துக்கொள்வது போன்ற நடத்தைகளை ஓர் எளிய அட்டவணையில் குறியுங்கள். எடையையும் பாருங்கள்.

இதைத் தவிர்க்கிறவர்களே அதிகம், வேலைப்பளு என்று காரணம் சொல்வார்கள். ஆனால் இரண்டு மாதம் கழித்து "புதியவர் வந்ததிலிருந்து இவர் தூங்குவதே இல்லை" என்று யாராவது சொல்லும்போது, அது உண்மையா, முன்பும் அப்படித்தானா என்று சொல்ல இதைத் தவிர வேறு வழியில்லை.

## 5. செய்தியைச் சொல்லும் வரிசை

முதலில் ஊழியர்கள், அதே நாளில் உறுப்பினர்கள், அன்று மாலைக்குள் குடும்பத்தினர், அப்புறம் நன்கொடையாளர்களும் மற்றவர்களும். இந்த வரிசையை மாற்றாதீர்கள்.

ஊழியர்கள் முதலில் வருவதற்குக் காரணம், உறுப்பினர்களின் கேள்விகளை அடுத்த நிமிடத்திலிருந்து எதிர்கொள்ளப்போவது அவர்கள். சமையல் செய்பவர், வண்டி ஓட்டுபவர், காவலாளி எல்லோரும் அந்தக் கூட்டத்தில் இருக்க வேண்டும். சில உறுப்பினர்களுக்கு அமைப்பிலேயே மிக நெருக்கமானவர் ஓட்டுநராகத்தான் இருப்பார்.

குடும்பத்தினருக்குச் சொன்னால் அவர்கள் பிள்ளைகளிடம் சொல்லிக்கொள்வார்கள் என்று விடுவது அடிக்கடி நடக்கும் பிழை. பலர் சொல்ல மாட்டார்கள், "அவனுக்குப் புரியாது" என்பார்கள். பேச்சு வராதவருக்கும் புரிதல் இருக்கும். தலைக்கு மேலே பெரியவர்கள் தாழ்ந்த குரலில் பேசுவதை அவர் கவனித்துக்கொண்டேதான் இருப்பார். பாதி தெரிந்த செய்தி முழுச் செய்தியைவிட அதிகம் வதைக்கும்.

சொல்லும் விதம்: குறுகிய வாக்கியங்கள், ஒரு வாக்கியத்தில் ஒரு செய்தி, இயக்குநரின் படம், மாதக் காலண்டர். உதாரணத்துக்கு இப்படி:

"இவர் இங்கே வேலை செய்கிறார். இந்த மாதம் 30-ஆம் தேதி இவருக்கு இங்கே கடைசி நாள். அதன்பின் வேறு ஒருவர் இவர் வேலையைச் செய்வார். அவர் யார் என்று இன்னும் முடிவாகவில்லை. முடிவானதும் உங்களிடம் சொல்வோம். உங்கள் அறை மாறாது. உங்கள் வகுப்பு மாறாது. நீங்கள் எதுவும் தப்பு செய்யவில்லை."

கடைசி வாக்கியம் பலருக்குத் தேவையில்லாததாகத் தோன்றும். வையுங்கள். தன்னால்தான் ஒருவர் போகிறார் என்று நினைத்துக்கொள்கிறவர்கள் உண்டு, அதைக் கேட்கும் வார்த்தை அவர்களிடம் இருக்காது.

சொல்லும் நாளில் "போயிட்டு வரேன்" வேண்டாம். சொன்னதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிற ஒருவர் வாசலில் காத்திருப்பார். "எப்பவும் உங்ககூடதான் இருப்பேன்" என்பதும் அப்படியே.

எவ்வளவு முன்னால் சொல்வது என்பது ஆளுக்கு ஆள் மாறும். சிலருக்கு ஒரு மாதம் வேண்டும். சிலர் ஒரு மாதம் தெரிந்தால் முப்பது நாளும் தூங்க மாட்டார்கள். அப்படிப்பட்டவருக்குத் தள்ளிச் சொல்வது என்று முடிவெடுத்தால், யார் எடுத்தது, ஏன், எந்தத் தேதியில் சொல்வது என்று எழுதிவையுங்கள். அதற்குள் அவர் காதில் விழுந்துவிட்டால் அந்தக் கணமே உட்கார்ந்து சொல்லிவிட வேண்டும். மழுப்பக் கூடாது.

சொற்களைப் பயன்படுத்தாதவர்களுக்குப் படமும் நாள்காட்டியும் மட்டும் போதாமல் போகலாம். இயக்குநர் தினமும் அவரோடு செய்யும் ஒரு சின்னச் செயலை, அது கை தட்டுவதோ சக்கர நாற்காலியைத் தள்ளுவதோ, வேறொரு பழகிய ஊழியர் இப்போதிலிருந்தே பகிர்ந்துகொள்ளத் தொடங்கட்டும். இழப்பு ஒரே நாளில் விழாமல் இருக்கும்.

## 6. அடுத்தவரைத் தேர்ந்தெடுப்பதில் உறுப்பினர்களின் குரல்

நேர்காணல் மேசையில் ஒரு உறுப்பினரைப் பெயருக்கு உட்காரவைப்பதில் எனக்கு நம்பிக்கை இல்லை. இறுதிச் சுற்றுக்கு வந்தவர்களை அரை நாள் அமைப்பில் இருக்கச் சொல்லுங்கள். உணவு வேளை அதில் வரட்டும். அவர் உறுப்பினரிடம் பேசுகிறாரா, பக்கத்தில் நிற்கும் ஊழியரிடம் "இவருக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்கிறாரா? பதில் வரும்வரை காத்திருக்கிறாரா? இருபத்தைந்து வயதுக்காரரிடம் குழந்தைக் குரலில் பேசுகிறாரா? நேர்காணலில் நல்ல பதில் சொல்லித் தப்பிக்கிறவர்கள் இங்கே தப்ப முடியாது.

பிறகு உறுப்பினர்களிடம் கருத்துக் கேட்கும்போது "இவரைப் பிடிச்சிருக்கா?" என்று கேட்காதீர்கள். எதைக் கேட்டாலும் ஆமாம் என்று சொல்லிப் பழகியவர்கள் இவர்களில் நிறைய. இரண்டு பேரின் படத்தையும் வைத்து "நாளைக்கு யாரோடு தோட்டத்துக்குப் போகலாம்?" என்று கேளுங்கள். சற்று நேரம் கழித்து இடம் மாற்றி வைத்து மறுபடி கேளுங்கள். கடைசியாகச் சொன்னதையே திருப்பிச் சொல்கிறவர், வலது பக்கத்தில் இருப்பதையே எப்போதும் தொடுகிறவர் என்றால் தெரிந்துவிடும்.

இந்தக் கருத்துக்கு மதிப்பெண்ணில் எவ்வளவு பங்கு என்பதை அரை நாள் பார்வைக்கு முன்பே குழு முடிவு செய்யட்டும். பின்னால் முடிவு செய்தால் பிடித்த ஆளுக்கு ஏற்றபடி எடை மாறும்.

## 7. இருவரும் சேர்ந்து இருக்கும் காலம்

இரண்டு முதல் நான்கு வாரம். முதல் பாதியில் பழையவர் செய்வார், புதியவர் பார்ப்பார். இரண்டாம் பாதியில் அப்படியே மாற்றுங்கள். நான்கு வாரத்தைத் தாண்டினால் ஊழியர்கள் ஒவ்வொன்றுக்கும் இருவரிடமும் கேட்டுப் பிடித்த பதிலை எடுத்துக்கொள்வார்கள்.

உறுப்பினருக்குப் புதியவரை வரிசையில் நிற்கவைத்து அறிமுகம் செய்ய வேண்டாம். அவர் வழக்கமாகச் செய்யும் வேலையில், பழையவர் பக்கத்தில் இருக்க, புதியவர் கலந்துகொள்ளட்டும்.

## 8. விடைபெறுதல்

ஒரு தேதி, ஒரு நிகழ்ச்சி, முடிவு தெளிவாகத் தெரிய வேண்டும். சொல்லாமல் நழுவிவிடுவது நல்லது என்று நினைக்கும் இயக்குநர்கள் உண்டு. அழுகையைப் பார்க்க அவர்களுக்குத்தான் கஷ்டம்.

மைக், கைதட்டல், கூட்டம் தாங்காதவர்களுக்குத் தனியாக, அமைதியாக ஒரு சந்திப்பு வையுங்கள். ஒரு புகைப்படத்தை அவரவர் கையில் கொடுங்கள். "வாரா வாரம் போன் பண்றேன்" என்று சொன்னால் வாரா வாரம் பண்ண வேண்டும், முடியாதென்றால் சொல்லக் கூடாது.

விலகியவர் முதல் மூன்று மாதம் உள்ளே வராமல் இருப்பது நல்லது. பிறகு வரும்போது முன்கூட்டிச் சொல்லிவிட்டு, விருந்தினராக வரட்டும். பிள்ளை அங்கேயே உறுப்பினராக இருக்கும் பெற்றோர் இயக்குநருக்கு இது பொருந்தாது. அவர் மற்றப் பெற்றோர் வரும் நேரத்தில், அவர்கள் வரும் வாசல் வழியாக வந்து போகலாம்.

## 9. முதல் மூன்று மாதம்

பாதுகாப்புக் குறை, மருந்துத் தவறு, துன்புறுத்தல் என்று சந்தேகிக்கும் எதுவும் அன்றே சரிசெய்யப்பட வேண்டும். மற்ற எதையும் மாற்ற வேண்டாம்: நேர அட்டவணை, சாப்பிடும் இடம், வண்டியில் உட்காரும் வரிசை, ஊழியர் சுழற்சி, சுவரின் நிறம். புதியவருக்குத் தன் முத்திரை பதிக்க ஆசை இருக்கும். அதை ஒரு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளட்டும். மூன்று மாதம் கழித்துப் படித்தால் பாதியை அவரே அடித்துவிடுவார்.

இந்தக் காலத்தில் நடக்கும் மிக ஆபத்தான பிழை வேறு. ஒருவர் கத்துகிறார், சாப்பிடவில்லை, தலையில் அடித்துக்கொள்கிறார். உடனே எல்லோரும் "பழைய இயக்குநரைத் தேடுகிறார்" என்று முடிவு கட்டிவிடுவார்கள். தேடலாம். பல்வலியாகவும் இருக்கலாம். மலச்சிக்கல், காதுத் தொற்று, நெஞ்செரிச்சல், புது மருந்தின் பக்கவிளைவு எல்லாமே இவர்களிடம் நடத்தையாகத்தான் வெளியே வரும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவது சாதாரணம். மறதி நோயும் நாற்பதுகளிலேயே தொடங்கக்கூடும். மந்தமாகிவிட்டார், பேச்சு குறைந்துவிட்டது என்றால் ஏக்கம் என்று விடாமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

4-ஆம் படியில் குறித்த அட்டவணையை இப்போது எடுங்கள். அதே பத்திகளில் மறுபடி குறித்து ஒப்பிட்டால், எந்த நாளில் மாறத் தொடங்கியது என்று தெரியும். அறிவிப்புக்கு முன்பே தொடங்கியிருந்தால் காரணம் வேறு. மருத்துவரிடம் போகும்போதும் அந்தக் காகிதத்தைக் கொண்டுபோங்கள். வலிப்பு எண்ணிக்கை கூடினால் முதலில் மருந்துப் பதிவைப் பாருங்கள். பொறுப்பு கைமாறும் வாரங்களில் ஒரு வேளை மருந்து தவறுவது சுலபம். ஒரு வலிப்பு ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அது அவசரநிலை, புதியவரைக் கேட்டுக்கொண்டு நிற்க வேண்டியதில்லை என்பதை எல்லா ஊழியருக்கும் எழுத்தில் கொடுங்கள்.

## 10. இடம் திடீரென்று காலியானால்

இயக்குநர் இறந்துவிட்டாலோ, படுத்த படுக்கையானாலோ, உடனே நீக்க வேண்டிவந்தாலோ இந்த வரிசை: முதல் சில மணி நேரத்தில் ஓர் இடைக்காலப் பொறுப்பாளரின் பெயரைக் குழு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அன்றே அடுத்த ஒரு வாரத்துக்கான மருந்து, உணவு, இரவுப் பணியாளர் இருக்கிறார்களா என்று அவர் பார்க்க வேண்டும். அதன்பின் ஊழியர்கள், உறுப்பினர்கள், குடும்பத்தினர் என்று 5-ஆம் படியின் வரிசை.

இறப்பு என்றால் "இறந்துவிட்டார்" என்றே சொல்லுங்கள். "தூங்குகிறார்" என்று கேட்டவர் தூங்கப் பயப்படுவார். "ஊருக்குப் போயிருக்கிறார்" என்று கேட்டவர் திரும்பும் நாளைக் கேட்டுக்கொண்டே இருப்பார். விருப்பப்பட்டால் இறுதிச் சடங்குக்கும் அழைத்துப் போங்கள், என்ன பார்ப்பார்கள் என்பதை முன்பே படத்தோடு விளக்கிவிட்டு.

நீக்கம் என்றால் காரணத்தை உறுப்பினர்களிடம் விவரிக்க வேண்டியதில்லை, பொய்யும் வேண்டாம். "இவர் இனி இங்கே வேலை செய்ய மாட்டார்" போதும். ஆனால் காரணம் ஓர் உறுப்பினருக்கு நேர்ந்த துன்புறுத்தலாக இருந்தால், முதலில் அந்த உறுப்பினரின் பாதுகாப்பு, சட்டப்படியான புகார். மற்றவர்களிடமும் ஏதாவது நடந்திருக்கிறதா என்று அமைப்புக்கு வெளியே இருக்கும் பயிற்சி பெற்ற ஒருவர், அவரவர் தகவல் முறையில் கேட்க வேண்டும். அதற்கு முன் ஊழியர்கள் தாங்களே விசாரணை நடத்தத் தொடங்கினால் சாட்சியம் கெட்டுப்போகும்.

2-ஆம் படியை இப்போது இயக்குநர் இல்லாமல் செய்ய வேண்டியிருக்கும். இரவுப் பணியாளர், சமையல்காரர், ஓட்டுநர், நீண்டநாள் பெற்றோர் ஒருவர் என நான்கு பேரைச் சேர்த்து உட்காரவைத்து, வலிப்பும் விழுங்கும் சிரமமும் உள்ளவர்களின் பக்கங்களை அன்றிரவே எழுதுங்கள். மற்றவர்களுடையது அந்த வாரத்துக்குள் முடியலாம்.